நீர் கொடுத்தார் கடன்

வங்காளதேசத்தில் குளத்துநீரைப் பருகிப் பேதியால் மடியுங் குழவிகளைக் காத்தற்பொருட்டு, 1970களில் அரசினரும் யுனிசெப் நிறுவனத்தாரும் குழாய்க்கிணறுகள் அமைப்பித்தனர். நோக்கம் நன்றே. 1993இல் அத்தகைய கிணற்றுநீரில் ஆசனிக்கு என்னும் நஞ்சு காணப்பட்டது. நிலத்தடி மணலினின்றும் இயல்பாய்க் கரைந்த அது, நிறமுஞ் சுவையும் இல்லாதது. பின்னர்க் கிணறுகளைச் சோதித்துத் தீயவற்றுக்குச் செந்நிறமும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர்.

ஆசிரியர்காள்! வகுப்பில் ஆராயத்தக்கதொரு வினா ஈண்டுளது. அறியாது செய்தார்க்குக் கடன் யாதுமில்லை என்பாருமுளர். அறியாமை பழியை நீக்கும், கடனை நீக்குமோ? நீர் கொடுப்பார் அது பருகத்தக்கதோவென ஆராய்தலும், தகாதாயின் வேறு நீர் காட்டுதலும் அக்கொடையுள் அடங்குமென்பதே எம் கொள்கை. வண்ணம் பூசியவளவில் அது தீர்ந்ததென்றல் எமக்கு உடன்பாடன்று. அண்மையிற் பச்சைக் கிணறில்லாத தாயர், செந்நிறத்தைக் கண்டும் அதிலேயே குடத்தை நிரப்பிச் செல்கின்றனர்.