அந்நியனும் பல் வலியும்

அந்நியன் யார் என்ற கேள்வியைத் தத்துவ நூல்களில் தேடுமுன் சென்னையின் சீனப் பல் வைத்தியர்களை நினைத்துப் பார்க்கலாம். ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஈவினிங் பஜாரில் தொழில் நடத்தினார்கள். மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அவர்களிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள் நாம். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்ட தமிழ் கொஞ்சம்தான்: திற, கடி, துப்பு, வலிக்குதா. பிழைப்புக்கான பாஷை என்று இதை இளப்பமாகச் சொல்ல முடியாது. ‘வலிக்குதா’ என்று ஒருவர் கேட்டு இன்னொருவர் தலையாட்டும்போது எந்த நாடு குறுக்கே வருகிறது?

1962 யுத்தத்தில் அரசு வேறு கேள்வி கேட்டது: உன் தாத்தா எந்த நாட்டுப் பிரஜை? பதில் சரியில்லாத சுமார் 3,000 பேர், பெரும்பாலும் அஸ்ஸாம், வங்காளத்துச் சீனர்கள், ராஜஸ்தானில் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள், சிலர் வருஷக்கணக்கில்.

பழியை அரசின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தலைமுறை மாறிய பிறகும் நமக்கு அவர் ‘சைனாக்கார டாக்டர்’தான். அதில் வெறுப்பில்லை, மரியாதைகூட உண்டு. ஆனால் பட்டியல் எழுத வருகிறவனுக்கு அந்தப் பெயரே போதும்.