தந்தை வழி வந்த இயல்பும் வினைப்பழியும்

கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் திருக்கோயிலில் ஆவணித் தவசு விழா நிகழுங்கால், மேளமுழக்கம் பொறாது செவி பொத்திப் புறத்தே நிற்கும் ஒரு சிறுவனை எண்ணிக்கொள்வோம். அவன் தந்தையும் இளமைதொட்டே அவ்வோசைக்கு அஞ்சி ஒதுங்கியவர். அதனை எவரிடத்தும் சொல்லாது வளர்ந்தவர். “பிள்ளைக்கு இது முன்வினை, பெற்றோர்க்குப் பழி” என்பர் அயலார் சிலர். இக்கூற்றுச் சித்தாந்தத்திற்கு ஒக்குமா?

ஆட்டிசம் எனப்படும் இவ்வியல்பை 1943-இல் அமெரிக்காவில் 11 குழந்தைகளிடத்துக் கண்டு விளக்கினார் லியோ கானர் என்னும் மருத்துவர். அக்குழந்தைகளின் பெற்றோருள் அன்பு வெளிப்பட ஒழுகுவார் சிலரே எனவும் எழுதினார். அதுகொண்டு, பெற்றோரின் அன்பின்மையே காரணமெனப் பின்வந்தோர் சிலர் பழி சுமத்தினர். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்னும் இருவர் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒருகருவிற் பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது; இருகருவில் வளர்ந்த 10 இணைகளுள் ஒன்றினும் அவ்வாறில்லை. ஆகவே இது பெரிதும் மரபுவழி வருவதென்பதும், வளர்ப்பின் குற்றமன்று என்பதும் தெளிவாயின.

“வினைக்கு ஈடாகவே உடம்பு வரும் என்பது சித்தாந்தமன்றோ?” எனின், ஆம். ஆயின் அஃது எல்லா உடம்பிற்கும் ஒக்கும். முழக்கத்தைப் பொறுக்கும் நம் செவியும் வினைவழி வந்ததே. எல்லார்க்கும் பொதுவாகிய ஒன்றைக் கொண்டு ஒருவனை மட்டும் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? தனுகரணங்கள் மலநீக்கத்தின் பொருட்டு இறைவன் அருளால் ஈந்த கருவிகள். கருவி வேறுபட்டால் அறியும் முறை வேறுபடுமேயன்றி, அறியும் உயிர் குறைவுபடாது. இனி, அச்சிறுவனை மௌன ஞானி எனப் புகழ்தலும் வேண்டா. அதுவும் அவனை அறியாமையே.

இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்னும் ஆராய்ச்சியாளரின் மகனுக்கு 2005-இல் ஆட்டிசம் எனத் துணியப்பட்டது. 2009-இல் அவர்க்கும் அவ்வியல்பின் வகையொன்று துணியப்பட்டது. ஆட்டிசம் உடையாரும் இல்லாரும் ஒருவரையொருவர் அறியாமை ஒருபாற் குறையன்று, இருபாற் குறை என 2012-இல் அவர் எழுதினார்.

தந்தையும் மகனும் ஓரியல்பினராயின் விளக்கவேண்டாத நெருக்கம் ஒன்றுண்டு, இடரும் உண்டு. ஒருவற்கு ஒரே சொல்லைப் பலகால் கூறுதல் அமைதி. மற்றவற்கு ஓசையின்மையே அமைதி. ஒருவர் ஆறுதல் மற்றவர்க்கு வருத்தமாம். அவ்வேளையில் அவர்க்கு வேண்டுவது நம் பழிச்சொல்லன்று, துணையே.

ஆதலின் அன்பர்களே, இருபாற் குறையுள் நம்பாற் குறையை நாம் நீக்குவோம். கூட்டமும் முழக்கமும் இல்லாத பொழுதில் அவ்விருவரும் அமைதியாக நின்று வழிபட இடந்தருவோம். “ஏன் ஒதுங்கினீர்?” என வினவாதிருப்போம். அச்சிறுவன் தன் தந்தையைப்போல் தன் அச்சத்தை மறைத்து வளராதிருத்தற்கு அதுவே வழி. அடியார்க்கு அடியராதல் என்பதும் அதுவே.

சிவம்.