அந்தக் காலத்திலே!

கொரிய நாட்டு இளைஞரிடையே ஒரு கேலிச்சொல் உலவுகிறது: 'கொண்டே'. தன் சொல்லே வேதம், தன் வாழ்வே அளவுகோல், இளையோன் வாய் திறப்பதே குற்றம் என்றிருக்கும் மூத்தோர்க்கு அங்கே சூட்டப்படும் பட்டம் அது. (நம் செவிக்கோ, சொன்னதையே சொல்லிக்கொண்டே இருப்பவர் என்று கேட்கிறது. பொருத்தந்தான்!) அத்தகையோர் பேச்சைத் தொடங்கும் 'என் காலத்திலே' என்ற தொடரையும் இளைஞர் விட்டுவைக்கவில்லை. ஓசையைச் சற்றே திரித்து, 'பால்காப்பி ஒரு குதிரை' என்று பொருள்படச் செய்து நகைக்கின்றனர்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியரின் கார் உருவாகி வெளிவந்தது. 'கொண்டே'யை மட்டும் நாம் இறக்குமதி செய்யத் தேவையிருக்கவில்லை. கும்மிடிப்பூண்டியின் எந்தத் திண்ணையிலும் அவர் முன்னரே அமர்ந்திருக்கிறார்.

என்னிடம் படித்த ஒருவன், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். தந்தையும் அதே தொழிலில் இருபத்தெட்டு ஆண்டு உழைத்தவர். மகன் காதில் அடைப்பான் செருகுவது கண்டு அவருக்குச் சினம். "இத்தனை ஆண்டு வெறுங்காதோடு நின்றவன் நான். எனக்கு என்னடா ஆயிற்று?" என்றார். மகன் மறுமொழி சொன்னான். "என்ன?" என்றார். மீண்டும் சொன்னான். "ஏனடா முணுமுணுக்கிறாய்?" என்றார். உடனிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலில் நிற்பவனின் உட்செவியில், நுண்மயிர் உயிரணுக்கள் மெல்ல மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்ந்த ஒலி. ஆகவே ஆலைச் சங்கு கேட்கும், இடி கேட்கும். பேத்தியின் மழலை மட்டும் மங்கும். அந்த முதியவர் பொய்யர் அல்லர். எந்தக் கருவியால் 'எனக்கொன்றுமில்லை' என்று அறிந்தாரோ, அந்தக் கருவியே பழுதுபட்டிருந்தது. அளவுகோல் தேய்ந்துவிட்டால், அது தேய்ந்ததை அந்த அளவுகோலே காட்டுமா, தோழர்களே?

அப்படியானால் மகனுக்குக் கைதட்டி எழுந்துவிடலாமா? கூடாது. உருளையின் ஓசை மாறுவதைக் கொண்டே, செந்தழலாய்ப் பாயும் கம்பி தடம் பிறழப்போவதை உணர்ந்து, பக்கத்தில் நின்றோரை விலக்கிக் காத்தவர் அந்தத் தந்தை. அதுவும் அனுபவமே! எந்த ஏட்டிலும் ஏறாத அந்த அறிவை, 'கிழம் உளறுகிறது' என்று தள்ளுபவன் தன் கைகாலை இழப்பான்.

வியன்னா மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர் பணியாற்றிய முதற்பிரிவில், மருத்துவச்சியர் பிரிவைப்போல் இரு மடங்குக்கும் மேலாகத் தாய்மார் மாண்டனர். அங்கே சேர்க்க வேண்டாமென ஏழைப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினர். பெரும் புலவர்களோ காற்றின்மீது பழி சுமத்தினர். செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் சாவுகளை எண்ணிப் பார்த்தார். 1847-இல், பிணமறுத்த கைகளைக் குளோரின் நீரில் கழுவச் செய்தார். சாவு சரிந்தது. அங்கே தாய்மாரின் அனுபவம் வென்றது, பேராசிரியரின் அனுபவம் தோற்றது. வழக்கைத் தீர்த்தது எவருடைய நரையும் அன்று, எவருடைய இளமையும் அன்று.

தந்தை பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் இறுதியாகப் பேசியபோது அவருக்கு வயது 94. நான் சொல்வதாலேயே ஏற்காதே, உன் அறிவால் ஆராய்ந்து பார் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன கிழவரை எந்த இளைஞன் 'கொண்டே' என்பான்?

என் மாணவன் தந்தையிடம் பிறகு வாதாடவில்லை. "நீங்களும் வாருங்கள் அப்பா, இருவரும் சோதித்துப் பார்ப்போம்" என்றான். சென்றனர். தந்தையின் தாளில் கோடு சரிந்து கிடந்தது. அதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டே ஆண்டு வேலை பார்த்த மகனின் தாளிலும் ஓரிடத்தில் கோடு இறங்கியிருந்தது. அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.