நஞ்சில்லாச் சோறும் நம் மீதுள்ள ஹக்கும்

உண்ணும் உணவு ஹலாலா என்று கேட்கும் நம்மில், அது தய்யிபானதா என்று கேட்பவர்கள் குறைவு. அண்மையில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே வந்தமர்ந்து கேட்ட கேள்வியே இதனை எழுதத் தூண்டியது.

அவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். சம்பளம் குடும்பத்துக்குப் போதும், மிஞ்சாது. இளைய மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. “இந்தக் காலத்து அரிசியும் காய்கறியும் நஞ்சு” என்று யாரோ சொல்ல, அன்று முதல் அரிசி, பருப்பு, எண்ணெய் யாவும் இயற்கை அங்காடியிலிருந்தே வருகின்றன. மளிகைச் செலவு ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. அதை ஈடுகட்ட, விதவையான தம் ராத்தாவுக்கு மாதந்தோறும் அனுப்பி வந்த தொகையை நிறுத்திவிட்டார். பழைய மளிகைக் கடைப் பாக்கியும் நான்கு மாதமாக நிற்கிறது.

“தய்யிபானதை உண்ண வேண்டும் என்பது இறைக் கட்டளையல்லவா ஹஜ்ரத்? பிள்ளைக்கு நல்லதைத்தானே கொடுக்கிறேன்! ஆனாலும் மனம் நிம்மதியாக இல்லையே” என்றார்.

அவருடைய அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. திருமறையின் 2:168 வசனம் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு தராதது என்று அதற்கு இமாம் இப்னு கஸீர் விளக்கம் தருகிறார்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மீது ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து என்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டதையும், அங்குள்ள மக்கள் பட்ட துயரத்தையும் நாடறியும். 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே அந்த மருந்துக்குத் தடை விதித்தது. அங்கே முதலில் துன்புற்றவர்கள் முந்திரியை வாங்கித் தின்றவர்களல்லர். தோட்டத்தில் உழைத்தவர்களும் அதனருகே குடியிருந்தவர்களுமே. ஆகவே நஞ்சில்லா உணவை நாடுவது நம் வயிற்றுக்காக மட்டுமன்று. கைத்தெளிப்பானை முதுகில் சுமக்கும் கூலியாளின் உயிருக்காகவும்தான்.

இதுவரை அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்தத் தூய்மைக்கு விலை கொடுப்பது யார்?

தன் வாய்க்கு ருசியானதைக் குறைத்து ஒருவர் நல்லரிசி வாங்கினால் அது அவருடைய தியாகம். கடைக்காரருக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வாங்கினால் அதற்கு என்ன பெயர்? வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அநியாயமென்று கண்டித்திருக்கிறார்கள். ராத்தாவின் வீட்டில் அடுப்பெரிவது அந்தத் தொகையை நம்பித்தான். மச்சான் மவுத்தான அன்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்களித்தவரும் இவரே. அரிசியில் மருந்து இல்லை. ஆனால் பிறருடைய ஹக்கு அதில் கலந்திருக்கிறது. எந்தத் தண்ணீரில் கழுவினாலும் அது போகாது. அவருடைய மனம் உறுத்தியது இதனால்தான்.

பேணுதல் நல்லதுதான்; அதற்கும் ஓர் எல்லை உண்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் ஹலால், ஹராம் பற்றி எழுதும்போது ஒருவகை மனிதரைக் குறிப்பிடுகிறார்கள். வேட்டைப் பிராணி யாரிடமிருந்தாவது தப்பி வந்ததாக இருக்குமோ என்று ஐயுற்று வேட்டையையே விடுபவர் அவர். இது பேணுதலன்று, வஸ்வாஸ் என்பது இமாமவர்களின் தீர்ப்பு. சந்தையில் விற்கும் சாதாரண அரிசி சான்றிதழ் இல்லாததால் ஹராமாகிவிடாது. அதை உண்ணும் ஏழை தூய்மையற்றதை உண்கிறான் என்று எண்ணுவதும் பெருமையின் ஒரு கிளையே. அவரவருக்குக் கொடுக்கப்பட்ட அளவுக்கு மேல் அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை என்பதைத் திருமறையின் 65:7 வசனத்திலிருந்து அறிகிறோம்.

அப்படியானால் குறைந்த வருவாயுள்ளவர் செய்யத்தக்கது என்ன? எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால் இயன்றதை மாற்றலாம். கத்தரிக்காய்க்குத் தண்டு, காய்த் துளைப்பான் புழுவுக்காக அடிக்கடி மருந்தடிப்பார்கள். அத்தகைய ஓரிரு காய்களை மட்டும் நம்பிக்கையான இடத்தில் வாங்கலாம். மானாவாரியில் விளையும் கேழ்வரகு, கம்பு போன்றவற்றுக்குப் பொதுவாக மருந்துச் செலவு குறைவு. அவை சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் கொல்லையில் ஓரடி மண் போதும். ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் மேலே படிந்திருப்பதில் ஒரு பகுதி போய்விடும். உள்ளே ஊடுருவியது போகாது. மஹல்லாவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து உழவரிடமே ஒரு மூட்டை வாங்கினால், இடைத்தரகும் பொட்டலச் செலவும் மிஞ்சும். இயற்கைப் பண்டம் என்ற பெயரில் விற்கும் பிஸ்கட்டும் இனிப்பும் நமக்குத் தேவையே இல்லை.

ஆனால் உழவரிடம் அடித்துப் பேரம் பேசலாகாது. சான்று பெற விரும்பும் நிலம், ஆண்டுப் பயிருக்குப் பொதுவாக இரண்டாண்டு மாற்றுக் காலத்தைக் கடக்க வேண்டும். அந்நாட்களில் விளைச்சல் குறையும், களையெடுப்புக் கூலி கூடும். இயற்கை விளைபொருள் என்ற விலையோ கிடைக்காது. விலை ஏறியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்பவருக்கும் ஒரு சொல் உண்டு. 2017ஆம் ஆண்டின் விதிகள், இயற்கை உணவு என்று விற்பதற்குச் சான்று வேண்டும் என்கின்றன. நுகர்வோரிடம் நேரே விற்கும் சிறு உழவருக்கு விலக்கும் அளிக்கின்றன. அங்கே அவருடைய நாக்குதான் சான்றிதழ். அது ஓர் அமானத். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். சாதாரண அரிசியை இயற்கை அரிசியென்று விற்பவர், வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்காக வாங்கும் ஏழையின் தியாகத்தையே திருடுகிறார்.

அந்தச் சகோதரரிடம் நான் மூன்று காரியங்களைச் சொன்னேன். முதலில் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுவலிக்கு அரிசிதான் காரணம் என்று நாமே தீர்ப்பளிக்கலாகாது. இரண்டாவது, மளிகைப் பாக்கியைத் தவணையாகவாவது இம்மாதமே கொடுக்கத் தொடங்குங்கள். மூன்றாவது, ராத்தாவின் தொகையை எடுத்து வைத்த பிறகு, மிஞ்சும் பணத்தில் எவ்வளவு நல்லரிசி வாங்க முடியுமோ வாங்குங்கள். “அப்படிப் பார்த்தால் மாதம் ஐந்து கிலோதான் வரும்” என்றார். அந்த ஐந்து கிலோவை நிம்மதியாக உண்ணலாமே என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, ஸலாம் சொல்லி எழுந்து போனார்.

நம் தட்டில் விழும் உணவை நஞ்சிலிருந்தும் பிறர் ஹக்கிலிருந்தும் காத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.