தன்னைக் கூறலின் அறம்

கணினி விஞ்ஞானத்திற் புதிதாகப் பட்டம் பெற்ற ஒருவர் தொழில் தேடும் வேளையில் எழுதும் சுயவிபரக் கோவை பெரும்பாலும் ஓரிரு பக்க அளவினதே. ஆயினும் அது பழையதோர் அறவினாவை எழுப்புகின்றது. தன்னைத் தானே சிறப்பித்துக் கூறுதல் தகுமா? தகுமெனின், அதன் எல்லை யாது?

இவ்வினா தமிழிலக்கண மரபிற்குப் புதியதன்று. அரிய நூல்களை ஆக்கியவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என நன்னூற் பாயிரத்தில் விதிக்கும் பவணந்தி முனிவர், அதனையடுத்து விலக்குகளையும் வகுக்கின்றார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதம் வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழலாம் என்பது அவர் கருத்து. இவற்றுள் முதலிரண்டும் தொழில் விண்ணப்பத்திற்கு முற்றும் பொருந்துவன. எனவே, நாணத்தினால் தன் திறனை மறைக்கும் பட்டதாரி அடக்கமுடையவர் எனப் போற்றப்படலாம். எனினும், தெரிவு செய்வோர் அறியவேண்டிய உண்மையை அவர் மறைத்தவராகின்றார்.

உரிமை உண்டெனின் எல்லையும் உண்டு. அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் வாய்மையை இரு குறைகளுக்கு இடைப்பட்ட நடுநிலையாக வைக்கின்றார். இல்லாததை உண்டெனக் கூறுதல் ஒரு குறை; இருப்பதைக் குறைத்துக் கூறுதல் மற்றையது. பொருள் கருதி மிகைப்படுத்துவோனை அவர் கூடுதலாகக் கண்டிக்கின்றார்.

இந்நடுநிலை தவறுமிடம் பெரும்பாலும் குழுச் செயற்றிட்டமே. நால்வர் கூடி ஒரு நூலக மென்பொருளை ஆக்கினர் எனக் கொள்வோம். அவருள் ஒருவர் "நூலக மென்பொருளை உருவாக்கினேன்" என எழுதின், மூவரின் உழைப்பு ஒரு வினைச்சொல்லுள் மறைந்துவிடுகின்றது. "நால்வர் குழுவில் தரவுத்தளத்தை வடிவமைத்தேன், நூல் தேடலை விரைவாக்கினேன்" என்பது உண்மை, பயனிலும் அதுவே மேலானது. எதனை வினவலாம் என்பது தெரிவாளருக்கு விளங்கும். வினவப்படின் விடையும் கிடைக்கும். மேலும், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிற்' போன்ற மென்பொருள்கள், நிரலின் எவ்வரியை எவர் எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கின்றன.

எல்லோரும் மிகைப்படுத்தும் உலகில் உண்மையாளன் பின்தங்குவான் என்பர் சிலர். விண்ணப்பங்களை முதலில் கணினியே சொற்களைத் தேடி வடிகட்டும் நிறுவனங்களும் உள்ளமையால் இவ்வச்சம் வெற்றச்சமன்று. விளம்பரம் வேண்டும் திறன் தன்னிடம் இருப்பின், அதே சொல்லால் அதனைக் குறித்தல் குற்றமாகாது. ஆனால் மூன்றாண்டு பயின்ற ஜாவாவையும் ஒரு வாரம் பார்த்த பைத்தனையும் ஒரே வரிசையில் நிறுத்துதல் பொய்யாகும். 'நன்கு பயின்றவை', 'அறிமுகமானவை' எனப் பிரித்தெழுதல் எளிது. பொய் வாக்குறுதி பொதுவிதியானால் வாக்குறுதியையே எவரும் நம்பார் என 1785இல் காண்ட் காட்டினார். மிகைக்கூற்றுக்கும் இது பொருந்தும்.

மிகைக்கூற்றால் ஒருவர் தொழில் பெறும்போது, அதற்கு உரியவரான இன்னொரு பட்டதாரி, தாம் இழந்ததன் காரணத்தை அறியாமலே வீடு திரும்புகின்றார். ஆதலின் ஒவ்வொரு வரியும் இரு சோதனைகளுக்கு உட்படல் வேண்டும். நேர்முகப் பரீட்சையில் அதுபற்றி வினவப்படின் விடையிறுக்க இயலுமா? உடனுழைத்த நண்பர் முன்னிலையில் அதனை உரத்து வாசிக்க இயலுமா? இரண்டும் இயலுமெனின், அவ்வரியைத் தயங்காது எழுதலாம்.