சுழன்றால் போதுமா?

கருவிகளில் இரு வகை உண்டு. நாள்தோறும் கைபட்டுத் தம் குறையைத் தாமே உணர்த்திக்கொண்டிருப்பவை ஒரு வகை. ஆபத்து வேளையில் மட்டும் தேடப்பட்டு, மற்றக் காலமெல்லாம் மறக்கப்பட்டுக் கிடப்பவை மற்றொரு வகை. நங்கூரச் சங்கிலியை இறக்கவும் ஏற்றவும் படகின் முன்தளத்தில் அமைந்திருக்கும் ‘விண்ட்லாஸ்’ என்னும் சுழற்பொறி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பழுதுற்ற அப்பொறியைச் சீர் செய்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? கூலி கொடுப்பவனுக்கா, அப்பொறியை நம்பிப் படகில் கண்ணயரப் போகிறவர்களுக்கா?

வினாவின் கனம் விளங்க, பொறியின் உள்ளே சற்று நோக்குவோம். சங்கிலிக் கண்ணிகள் பொருந்தி அமரும் சக்கரம். அதனைச் சுழற்றும் மோட்டாரும் கியர் பெட்டியும். இணைக்கவும் பிரிக்கவும் கிளட்ச். சங்கிலி ஓடிவிடாமல் இறுக்கும் பிரேக். இவையே அதன் உறுப்புகள். அலை மோதுந்தோறும் இவற்றின்மீது உப்புநீர் வழிகிறது. மின்கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு படர்கிறது. அலுமினியக் கூட்டில் துருவேறா எஃகுப் போல்ட்டுகள் இருப்பின், உப்புநீரின் துணையால் அலுமினியம் அரிக்கப்பட்டு, போல்ட்டுகள் கழற்ற இயலாதபடி இறுகிவிடுகின்றன. சீல் தேய்ந்துவிட்டால் நீர் உள்ளிறங்கி, கியர் எண்ணெயைப் பால்போல் வெளுக்கச் செய்கிறது.

தொழிலறிந்தவர் பொறியைத் திறக்குமுன் சங்கிலியை வேறொரு பிடிப்பில் கட்டி நிறுத்துவார், மின்சாரத்தைத் துண்டிப்பார், பிறகே கை வைப்பார். கம்பி முனையைத் துலக்கியதும் மோட்டார் சுழலத் தொடங்கலாம். வெளுத்த எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றினால் ஓசையும் அடங்கலாம். இங்கேதான் சோதனை. சீலை மாற்றாமல், உப்பு தின்ற பேரிங்கைப் பாராமல் மூடியைப் பூட்டிவிட்டு, “சுழல்கிறது, பாருங்கள்!” என்றால் அது பொய்யா? சொல்லளவில் மெய்யே. ஆனால் கேட்பவர் கொள்ளும் பொருள், ‘இனி இதை நம்பலாம்’ என்பதன்றோ? அவர் அப்படித்தான் கொள்வார் என்று அறிந்தே சொல்லப்படும் மெய், பொய்யின் வேலையையே செய்கிறது.

“உரிமையாளர் அதற்கு மேல் செலவிட மாட்டார்; நான் என் செய்வேன்?” என்று பழுது பார்ப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிடைத்த பணத்துக்குரிய வேலையை மட்டும் செய்வது குற்றமன்று. அரைகுறையை அரைகுறை என்று சொல்லிச் செய்வது நேர்மை. முழுமை என்று நம்பவிட்டுச் செய்வதே மோசடி. செய்தது எது, செய்யாதது எது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால், சுமை உரிமையாளரின் தோளுக்கு மாறுகிறது.

அச்சுமை எத்தகையது என்பதை ‘அமோகோ காடிஸ்’ என்னும் எண்ணெய்க் கப்பலின் கதை சொல்லும். 1978 மார்ச் 16 அன்று காலை, பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால் அதன் சுக்கான் பொறி செயலிழந்தது. இழுவைக் கப்பல் வந்தும் பயனில்லை. இரவில் நங்கூரம் போட்டும் கப்பல் நிற்கவில்லை, பாறையில் மோதியது. ஏறத்தாழ 2,20,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. 1984-இல் சிகாகோ நீதிமன்றம், சுக்கான் பொறியின் பராமரிப்பில் நிறுவனம் அசட்டையாக இருந்ததென்று தீர்ப்பளித்தது. புயல் ஒரு நாளில் வந்தது; அசட்டையோ அதற்கு முன்பே வந்து குடியேறியிருந்தது.

கடைசியில் நங்கூரம் காக்கும் என்னும் எண்ணமும் தவறு. கப்பல் தர விதிகளின்படி, சங்கிலித் தடுப்பு இல்லாத விண்ட்லாஸின் பிரேக், சங்கிலி அறுபடும் விசையில் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். அத்துணை வலிமை இருந்தும், நங்கூரச் சாதனங்கள் ஒதுக்கமான நீரில் தற்காலிகமாக நிற்பதற்கென்றே வகுக்கப்பட்டவை. திறந்த கடலின் புயலை எதிர்த்து நிறுத்துவதற்கல்ல. ஒரு காவல், மற்றொரு காவலின் மீதான அசட்டைக்கு ஈடாகாது.

எனவே நம் வினாவுக்கு விடை இதுவே: கூலி ஒருவரிடமிருந்து வருகிறது, கடமையோ பலருக்கு உரியது. மூடிக்குள் நடப்பதைக் காண இயலாதவர்கள் நம்மிடம் ஒப்படைத்திருப்பது ஓர் அமானிதம். பள்ளி வண்டியின் பிரேக்கும், நம் வீட்டு மாடிப்படியின் கைப்பிடியும் அத்தகையவையே. அவற்றைச் செப்பனிட்டு முடித்ததும் நம்மை நாமே கேட்க வேண்டியது, ‘சுழல்கிறதா?’ என்பதன்று, ‘இதை நம்பி நம் பிள்ளைகளை அனுப்புவோமா?’ என்பதே.