வலையில் அகப்பட்டதெல்லாம் நல்ல மீன் அல்ல



நமது ஆண்டவர் மோட்ச இராச்சியத்தைக் கடலில் வீசிய வலைக்கு ஒப்பிட்டுப் பேசினதை நீங்கள் பல தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். வலை என்பது நல்லது கெட்டது பார்த்து அள்ளுகிறதில்லை. அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். தரம் பிரிக்கிற வேலை மனிதனுடையது. அதற்காக அந்த மீன்பிடிகாரர் கரையில் உட்கார்ந்தார்கள் என்று சேசுநாதர் சொல்லுகிறார். நின்றபடியே, அவசரத்தில், செய்துவிடக்கூடிய வேலையல்ல அது.

இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வலை இருக்கிறது. அதற்கு இணையம் என்று பெயர். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்று இரவே பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்து அந்த வலையை வீசுகிறார்கள். அது குற்றமல்ல, பாசம். ஆனால் வருகிற மீனைத் தரம் பிரிக்காமல் சட்டியில் போடுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு தபசு காலத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. முள் சீத்தாப்பழம் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தைவிடப் பதினாயிரம் மடங்கு வல்லது என்றும், மருந்து வியாபாரிகள் இதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது. அனுப்பினவர் நன்றாகப் படித்தவர். நானும் நாலு பேருக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று, ஒரு நிமிஷமும் யோசியாமல், நமது பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் சென்று ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தபோது அந்த வீட்டுத் தாய் என்னைத் திண்ணையில் நிறுத்தினார். மார்பில் கட்டி. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தும் அவர் போகவில்லை. "சாமி, நீங்க அனுப்பினதைத்தான் நாள் தவறாம குடிக்கிறேன். கட்டி இன்னும் கரையலையே?" என்று கேட்டார். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்று அவரே உத்தரவு கொடுத்தார். அந்தத் தாய் இப்போது வைத்தியம் பார்த்துக்கொள்ளுகிறார். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் கட்டி பெரிதாகிவிட்டது. போன மாதங்களை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

பிறகுதான் நான் உட்கார்ந்து தேடினேன். முள் சீத்தாவின் சாறு, ஆராய்ச்சிச் சாலையில் கண்ணாடித் தட்டில் வளர்த்த சில புற்றணுக்களைக் கொன்றது உண்மை. மனிதருக்கு அது புற்றுநோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதை அதிகமாய் உண்ணும் குவாதலூப் என்ற கரீபியன் தீவில், அதனால் நரம்பு நோய் வருகிறதோ என்று வைத்தியர்கள் ஐயம் எழுப்பியும் இருக்கிறார்கள். உண்மையில் கால்பங்கைச் சொல்லி முக்கால்பங்கை விட்டுவிட்டால் அது பொய்ச் சாட்சிதான். எட்டாம் கற்பனை வாய்க்கு மாத்திரமல்ல, செய்தி அனுப்பும் விரலுக்கும் உண்டு. அந்தப் பொய்யினால் ஒருவருடைய சீவனுக்கு ஆபத்து வருமானால் ஐந்தாம் கற்பனையும் அங்கே வந்து நிற்கிறது.

"சாமி, விசுவாசம் இருந்தால் போதாதா, இத்தனை விசாரணை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நமது தாயாகிய திருச்சபை என்ன செய்கிறது என்று பாருங்கள். லூர்து நகரில் 1883-ம் ஆண்டு முதல் ஒரு வைத்திய விசாரணைச் சபை இருக்கிறது. அங்கே குணமானோம் என்று ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் திருச்சபை புதுமை என்று அங்கீகரித்தவை எழுபதுக்குச் சற்று மேல், அவ்வளவே. இத்தாலிய நாட்டுப் போர்வீரரான விட்டோரியோ மிக்கேலி என்பவருக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். கட்டியிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து நோய் இன்னதென்று உறுதி செய்திருந்தார்கள். அவர் 1963-ம் ஆண்டில் லூர்துக்குப் போனார், பின்பு குணமடைந்தார். அதைப் புதுமை என்று திருச்சபை அறிவித்தது 1976-ம் ஆண்டில். நோய் இன்னதென்பதற்கு அத்தாட்சி என்ன, வேறு மருந்தினால் குணமாகியிருக்குமா, குணம் நிலைத்ததா என்று பதின்மூன்று வருஷம் விசாரித்தார்கள்.

மாதாவின் கெபியில் நடந்ததையே திருச்சபை பதின்மூன்று வருஷம் ஆராய்ந்தது. முகம் தெரியாத ஒருவர் யூடியூபில் சொல்லுவதை நாம் பதின்மூன்று நிமிஷத்தில் நம்பிவிடலாமா? சேசுநாதர்கூட, தாம் குணமாக்கின குஷ்டரோகிகளைக் குருக்களிடம் போய்த் தங்களைக் காட்டச் சொன்னார். சோதித்துச் சொல்ல அக்காலத்து நியாயப்பிரமாணப்படி அதிகாரம் பெற்றவர்கள் அவர்களே.

நம் பக்கத்து ஏலாக்குறிச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை வீரமாமுனிவர் அடைக்கல மாதாவை மன்றாடிக் குணமாக்கினார் என்பது வழிவழியாக நாம் கேட்டுவரும் செய்தி. அதைக் காட்டி, "அக்காலத்துப் பச்சிலை புற்றுநோயையே தீர்த்தது" என்று எவராவது எழுதினால் நம்பாதேயுங்கள். ராஜபிளவை சீழ் வைக்கும் கொடிய கட்டி. புற்றுநோய் வேறு. நோயின் பெயரை மாற்றிவிட்டால் மருந்தும் மாறிப்போகும். புற்றுநோயாளிகளின் பாதுகாவலரான அர்ச். பெரெகிரின் 1345-ம் ஆண்டில் மரித்தவர், 1726-ல் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்றவர். மறுநாள் காலை எடுக்கத் தீர்மானித்த வைத்தியருக்கு உடன்பட்டு, முந்தின இரவு சிலுவையின் முன் ஜெபித்தபோது அவர் குணம் பெற்றார் என்று அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. ஜெபித்தார், ஆனால் வைத்தியரை விட்டு ஓடவில்லை. இதைக் கவனியுங்கள்.

நமது பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளம் விதைக்கிறவர்கள் மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஒரு போகத்து விதைக்குச் செய்கிற விசாரணையை ஒரு சீவனுக்காகவும் செய்யுங்கள். கைத்தொலைபேசியில் எதை வாசித்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதலாவது, சொல்லுகிறவர் யார்? பெயர், படிப்பு, வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஆகியவை போட்டிருக்கிறதா? "பிரபல டாக்டர் கூறுகிறார்" என்றால் ஒருவரும் கூறவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, எப்போது எழுதினது? புற்றுநோய் வைத்தியம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. தேதியில்லாத பக்கத்தை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, யாரிடம் சோதித்தது? கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா? ஒருவர் பிழைத்த கதை மனதைத் தொடும். ஆனால் அநேக நோயாளிகளை இரு பிரிவாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் குணம் தெரியும்.

நான்காவது, சொல்லுகிறவருக்கு என்ன லாபம்? பக்கத்தின் அடியில் "இப்போதே வாங்குங்கள்" என்று இருந்தால் அது போதனையல்ல, கடை. கூகுளில் தேடும்போது மேலே முதலில் வருபவை பல சமயம் பணம் கட்டிப் போட்ட விளம்பரங்கள். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நமது நாட்டில் 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. ஆகையால் முழுக் குணத்துக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்கிறவன் முதல் வரியிலேயே சட்டத்தை மீறுகிறான்.

ஐந்தாவது, எந்தப் புற்றுநோயைப் பற்றியது? புற்றுநோய் ஒரே நோயல்ல. நூறு வகைக்கு மேல் உண்டு. பயாப்ஸி அறிக்கையில் எழுதியிருக்கும் பெயரையும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை வைத்துத் தேடுங்கள். பக்கத்து வீட்டாருக்கு ஏற்ற மருந்து உங்களுக்கு ஏற்காமல் இருக்கலாம். பயாப்ஸிக்காகக் கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்லுகிறேன். அப்படி நேருவது மிக அபூர்வம். நோயின் பெயர் தெரியாமல் மருந்து கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

அப்படியானால் எங்கே தேடுவது? அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி அந்த 1954-ம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதை உண்டாக்கினவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ல் மரிக்கும்வரை அந்நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். இத்தகைய ஆஸ்பத்திரிகளின் சொந்தப் பக்கங்களையும், 1941-ல் தொடங்கிய மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் பக்கங்களையும் பாருங்கள். அமெரிக்க நாட்டு அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒவ்வொரு வகை நோய்க்கும் டாக்டர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதி இலவசமாய்க் கொடுக்கிறது. இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு வாசித்துச் சொல்லட்டும். இயந்திரம் தமிழாக்கிக் கொடுப்பதில் பிழை வரும். கேட்டவுடன் பதில் சொல்லும் புதிய இயந்திரங்களும் தப்பைத் தைரியமாய்ச் சொல்லக்கூடும். வாசித்ததைக் கேள்வியாக எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இணையம் கேள்வியைத் திருத்திக்கொள்ளத்தான். பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவரே.

இணையம் இல்லாத வீடுகள் 104 என்ற அரசு எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. செலவுக்குப் பயந்து நாள் கடத்துகிறவர்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு இடமுண்டா என்று அங்கே விசாரித்துவிட்டுப் பிறகு பயப்படட்டும்.

எண்களைப் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டீபன் ஜே கூல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982-ல் வயிற்றுச் சவ்வில் ஓர் அரிய புற்றுநோய் கண்டது. அந்நோயாளிகளில் பாதிப்பேர் எட்டு மாதத்துக்குள் மரிக்கிறார்கள் என்று நூல்நிலையத்தில் வாசித்தார். அவர் முதலில் திகைத்தார், பிறகு கணக்கை நன்றாகப் பார்த்தார். பாதிப்பேர் எட்டு மாதத்துக்குள் என்றால் மறு பாதிப்பேர் அதற்கு மேலும் இருக்கிறார்கள் அல்லவா? தாம் இளவயதினர், நோய் சீக்கிரம் கண்டது, நல்ல வைத்தியம் உண்டு என்று கணக்கிட்டுத் தேறினார். அதற்குப் பிறகு இருபது வருஷம் வாழ்ந்து, 2002-ல் வேறொரு புற்றுநோயால் மரித்தார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஒரு கூட்டத்தின் கணக்கு ஒரு மனிதனின் நாளைக் குறிப்பதில்லை என்றுதான் சொல்லுகிறேன். அந்த நாளைக் குறித்தவர் சர்வேசுரன் ஒருவரே.

பிள்ளைகளே, வியாதியஸ்தரான தாய் தகப்பனை இராத்திரியில் தனியே கைத்தொலைபேசியோடு விட்டுவிடாதேயுங்கள். அவர்களுக்குத் தெரியக்கூடாதென்று நீங்கள் அறைக்குள் தேடுகிறீர்கள். உங்களுக்குத் தெரியக்கூடாதென்று அவர்கள் போர்வைக்குள் தேடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து வாசித்து, சேர்ந்து அழுது, சேர்ந்து ஜெபமாலை சொல்லுங்கள். முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்று நாம் அழைத்த நோயில் பூசுதல் கடைசி மூச்சுக்கு மாத்திரமல்ல. வைத்தியம் தொடங்கும் முன்பே என்னைக் கூப்பிடுங்கள். வீடு தேடி வருகிறேன்.

இனி நமது பங்குக் குழுவில் மருந்துச் செய்தி எதுவும் விசாரியாமல் போடப்படாது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த வாலிபர் சிலரோடு மண்டபத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். வைத்தியம் சொல்ல அல்ல, தரம் பிரிக்க. உங்களுக்கு வந்த செய்திகளைக் கொண்டுவாருங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சேர்ந்து எழுதுவோம். அந்தத் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நோயாளிகளின் ஆரோக்கியமான தேவமாதா நம் வீடுகளைக் காப்பாளாக. ஆமென்.

இங்ஙனம்,
உங்கள் பங்குக் குரு